அஞ்சடியில் எடுத்து வைக்கும் அடி

நரம்பு நோய் கண்டவரின் கால்களுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் எப்படித் திரும்புகின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். பக்கவாதம், நடுக்குவாதம், தண்டுவடக் காயம், நீரிழிவால் வரும் நரம்புச் சேதம் என்று நோயின் பெயர் பலவாக இருக்கலாம். நோயாளியின் அச்சம் ஒன்றுதான்: விழுந்துவிட்டால் என்ன செய்வது? அந்த அச்சத்துக்கு மருத்துவம் தரும் விடைக்கு இயன்முறை சிகிச்சை என்று பெயர். பினாங்கில் எல்லார் வாயிலும் புழங்கும் பெயர் பிசியோ.

இதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியே போதும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஒருவர் லெபோ பாசார் வரை கடையோரமாக நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையின் முன்னால் சிமெண்டுத் தரை. அடுத்த கடையின் முன்னால் பூ வேலைப்பாட்டு ஓடு. அதற்கடுத்து நாலு விரற்கடை உயரத்தில் ஒரு படி. பூமாலைக் கூடையைச் சுற்றிப் போகவேண்டும். நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கவேண்டும். ஓரத்தில் கால்வாய். நலமாக இருப்பவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே இதையெல்லாம் கடந்துவிடுகிறார். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆனவருக்கோ அதே அஞ்சடி மலையேற்றம். இருவருக்கும் இடையில் என்ன வேறுபாடு? ஒருவரிடம் இருப்பது எது, மற்றவரிடம் தொலைந்தது எது?

முதலில், நிற்பது எப்படி நிகழ்கிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு பாதங்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள இடமும் சேர்ந்ததே உடலின் அடித்தளம். உடலின் எடை அந்தத் தளத்துக்குள் விழும்வரை மனிதர் நிற்கிறார். வெளியே போனால் சாய்கிறார். அசையாமல் நிற்பவர் என்று யாருமே இல்லை. நிற்கும் ஒவ்வொருவரின் உடலும் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசையும் கீழ்க்காலின் முன்தசையும் மாறி மாறி இழுத்து அந்த ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. சமநிலை என்பது ஓயாமல் நடக்கும் இந்தத் திருத்தம்தான்.

திருத்துவதற்குச் செய்தி வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? மூன்று வாயில்கள் உண்டு. கண், எதிரில் உள்ளதைச் சொல்கிறது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று சொல்கிறது. பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது என்று சொல்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தசை எந்த நொடியில் எவ்வளவு இழுக்கவேண்டும் என்று ஒழுங்குபடுத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். எதுவரை தாங்கும் என்பதை அறிய 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகர மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் ஓர் எளிய சோதனையைக் காட்டினார். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடவேண்டும். கண் திறந்திருக்கும்போது உறுதியாக நின்றவர் மூடியதும் தள்ளாடினால், அவர் அதுவரை கண்ணை நம்பியே நின்றிருக்கிறார். பாதத்திலிருந்து வரவேண்டிய செய்தி வரவில்லை. இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நொடியில் சிலர் விழுவதற்கும், நள்ளிரவில் விளக்குப் போடாமல் எழுந்து நடக்கையில் விழுவதற்கும் இதுவே காரணம்.

இனி, நோய் எதைப் பறிக்கிறது என்று பார்க்கலாம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் இரத்தமின்றியோ இரத்தக் கசிவாலோ பழுதடைகிறது. உடலின் எதிர்ப்பக்கம் வலுவிழக்கிறது. பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும் தசை வேலை செய்யாததால் கட்டைவிரல் தரையில் உரசுகிறது. அதைத் தவிர்க்க நோயாளி காலை அரைவட்டமாக வீசி நடக்கிறார். முழங்கால் சிலருக்கு மடிந்துவிடுகிறது. சிலருக்குப் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்கிறது. நாளடைவில் தசை இறுகுகிறது.

நடுக்குவாதத்தின் கதை வேறு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நோய் இது. பெரும்பாலும் தசையில் வலு இருக்கும். ஆனால் அசைவின் அளவு சுருங்கிவிடும், வேகம் குறைந்துவிடும். அடி சிறுக்கிறது. வாசலைக் கடக்கும்போதும் திரும்பும்போதும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. சிறுமூளை பழுதடைந்தவருக்கோ கால் அகன்று, நடை கோணலாகிறது; விவரம் அறியாதவர்கள் அவரைக் குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார்கள். நோயைவிட அந்தச் சொல்லே அவரை வீட்டுக்குள் முடக்குகிறது.

நீரிழிவு சத்தமில்லாமல் பறிக்கிறது. நாள்பட்ட சர்க்கரை பாத நரம்புகளைச் சேதப்படுத்த, தரை பஞ்சுபோல் தோன்றுகிறது. பிறகு தோன்றுவதே இல்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். ஆகவே சமநிலையைப் பற்றிய பேச்சு இந்நாட்டுத் தமிழர் வீடுகளுக்கு நெருக்கமான பேச்சு.

பறிபோனது திரும்புமா? திரும்பும் வழி ஒன்று உண்டு. இறந்த நரம்பணு உயிர்பெறாது. ஆனால் உயிரோடிருக்கும் பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். எப்போது ஏற்றுக்கொள்ளும்? அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது. தவில் கற்கும் பிள்ளையின் விரல், ஒரே சொல்லை நூறு முறை வாசித்த பிறகுதான் தானாக ஓடுகிறது. நரம்பு நோய் கண்ட காலும் அப்படித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பின் வேகம் குறையும், ஆனால் பயிற்சி தொடர்ந்தால் முன்னேற்றமும் தொடரும்.

சிகிச்சை முறையும் இந்த உண்மையை நோக்கியே நகர்ந்து வந்திருக்கிறது. பெர்தா, காரல் போபாத் தம்பதியர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் வளர்த்த முறை, சிகிச்சையாளரின் கையால் அசைவுக்கு வழிகாட்டியது. ஆஸ்திரேலியாவின் ஜேனட் கார், ரொபெர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1982இல் வெளியிட்ட நூல், நோயாளியை மாணவராகப் பார்த்தது: எழவேண்டுமா, எழுவதைப் பழகு, நடக்கவேண்டுமா, நடப்பதைப் பழகு. கட்டிலில் படுத்துக்கொண்டு காலை அசைத்துக்கொடுப்பதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் மூட்டின் இறுக்கத்தையும் வலியையும் தணிக்கலாம். நடை அதனால் மட்டும் வராது. நடையைக் கற்கவேண்டியது நோயாளியின் சொந்த முயற்சி.

எப்போது தொடங்கவேண்டும்? எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கத் தோன்றும். மலேசியாவும் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வு இதில் ஒரு நிதானத்தைக் கற்பித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய 5 நாடுகளில் 2,104 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, நீண்ட நேரம், மிகுதியாக எழுப்பி நடமாடவைத்த குழு, வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவைவிட 3 மாத முடிவில் சற்றுப் பின்தங்கியிருந்தது. படுக்கவைத்தே விடுங்கள் என்று இதற்குப் பொருளில்லை. தொடக்க நாள்களில் மருத்துவர் சொன்ன நேரத்தில் எழவேண்டும். சிறிது சிறிதாக, பலமுறை எழவேண்டும்.

எந்தப் பயிற்சி? ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத்தான் சொல்லவேண்டும். தொடையின் முன்தசை, பிட்டத் தசை, கெண்டைக்கால் மூன்றையும் அது ஒருசேர உழைக்கவைக்கிறது. கழிவறைக்குப் போவதும், சாப்பாட்டு மேசையை விட்டு எழுவதும், காரிலிருந்து இறங்குவதும் அதே அசைவுதான். செய்யும் முறையில் கவனம் வேண்டும். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடவேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளவேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயவேண்டும். பிறகு எழவேண்டும். மெதுவாக உட்காரவேண்டும், தொப்பென்று விழக்கூடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பக்கவாதம் வந்தவர் தாமறியாமலே நல்ல காலில் எடையைப் போட்டு எழுவார். நல்ல கால் மேலும் வலுக்கும். மற்றக் கால் மேலும் மெலியும். பலவீனமான பாதத்தைச் சற்றே பின்னால் வைத்தால் எடை அந்தக் காலுக்கு இறங்கும். முதலில் உயரமான இருக்கை, பிறகு தாழ்ந்த இருக்கை. முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு பிடிக்காமல். முதலில் 5 முறை, பிறகு 10 முறை. இந்தப் படிப்படியான ஏற்றமே வலுவூட்டும் பயிற்சியின் உயிர்.

இறுகிய தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டின. ஆகவே வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், 8 முதல் 12 முறை செய்தால் களைக்கும் அளவுக்கு எடையோ எதிர்ப்போ வைத்துப் பயிற்சி தருவது இன்று வழக்கம்.

வலு வந்தால் சமநிலை தானே வந்துவிடுமா? வராது. வலு என்பது எஞ்சின். சமநிலை என்பது ஓட்டும் கை. இலேசாக ஆடினால் கணுக்கால் திருத்துகிறது. கூடுதலாக ஆடினால் இடுப்பு திருத்துகிறது. அதையும் மீறினால் ஓர் அடி எடுத்துவைத்துத்தான் தப்பவேண்டும். மூன்றையும் தனித்தனியே பழக்கவேண்டும். சமையலறை மேடையைப் பிடித்தபடி கால்களை அகட்டி நிற்பது முதல் நிலை. கால்களைச் சேர்த்து நிற்பது அடுத்தது. ஒரு பாதத்தின் முன் மற்றொன்றை வைத்து நிற்பது அதற்கும் அடுத்தது. பிறகு பக்கவாட்டில் எடையை மாற்றுவது, அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டுவது, நடந்துகொண்டே திரும்பிப் பார்ப்பது, ஒரு தட்டை ஏந்தி நடப்பது. நோயாளி தள்ளாடும் எல்லைக்கு அருகில்தான் கற்றல் நடக்கிறது. ஆகவே அருகில் ஒருவர் நிற்கவேண்டும், தாங்குவதற்குத் தயாராக நிற்கவேண்டும், தேவையில்லாமல் தாங்கக்கூடாது.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. பக்கவாதம் வந்த 408 பேரில் சிலருக்கு, உடலை வாரால் தாங்கி ஓடுபொறியில் நடக்கவைக்கும் பயிற்சி. சிலருக்கு, சிகிச்சையாளர் வீட்டுக்கே போய்த் தந்த வலுவூட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். இரண்டுக்கும் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் முன்னேற்றம் ஒரே அளவு. மொத்தத்தில் 52 விழுக்காட்டினரின் நடைத்திறன் ஒரு படி உயர்ந்திருந்தது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டிலிருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? நாற்காலி உண்டு, சுவர் உண்டு, தாழ்வாரம் உண்டு. முறையைக் கற்றுத்தர ஒரு சிகிச்சையாளரும், விடாமல் செய்ய ஒரு மனமும் இருந்தால் வீடே பயிற்சிக்கூடம்.

நடுக்குவாதத்துக்கு நாள்தோறும் பினாங்கின் பூங்காக்களில் ஒரு பாடம் நடக்கிறது. விடியற்காலையில் சீன முதியவர்கள் மெல்லக் கை வீசி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிச் செய்யும் தாய் சீ அது. அமெரிக்காவில் 195 நடுக்குவாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் 2 முறையாக 24 வாரம் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. எடைப் பயிற்சி, நீட்டல் பயிற்சி, தாய் சீ மூன்றில் சமநிலை அளவைகளில் தாய் சீ குழுவே முன்னின்றது. நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும் நோயாளிக்கு இன்னொரு வழியும் உண்டு. தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டும் எண்ணத்தில் அவரது கால் எழுந்துவிடுகிறது. பழைய கடைவீட்டின் ஓட்டுத்தரையில் அந்தக் கோடு ஏற்கெனவே இருக்கிறது. மற்ற வீடுகளில் நிறநாடா ஒட்டினால் போதும். தாளமும் உதவும். ஒன்று, இரண்டு என்று எண்ணியோ, கையால் தாளம் போட்டோ துணையிருப்பவர் நடத்திக்கொண்டு போகலாம். சீக்கிரம் வா என்று அவசரப்படுத்தினால் கால் மேலும் பூட்டிக்கொள்ளும்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? கண்ணால் பார்த்து மட்டும் சொல்லக்கூடாது, அளக்கவேண்டும். கனடாவில் கேத்தரின் பெர்க் 1989இல் வகுத்த அளவையில் 14 செயல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது மற்றொரு சோதனை. போன மாதம் 30 நொடி, இந்த மாதம் 24 நொடி என்று தாளில் எழுதிப் பார்க்கும்போது, இனி முடியாது என்று சோர்ந்திருந்த நோயாளிக்கும் சான்று கிடைக்கிறது.

வீட்டார் அறியவேண்டியவை சில. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தசையின் பிடிமானம் இழந்த தோள்மூட்டு அதனால் நழுவும், வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இடுப்பில் அகலமான வாரைக் கட்டி அதைப் பிடித்தே துணை தரவேண்டும். வீட்டுக்குள் தளர்ந்த சிலிப்பர் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்து வேண்டும். பாத உணர்ச்சி இழந்த நீரிழிவு நோயாளி வெறுங்காலோடு நடக்கக்கூடாது. நாள்தோறும் பாதத்தைப் பார்க்கவேண்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி, ஈரமில்லாத தரை, இரவு விளக்கு ஆகியவை மருந்துக்கு ஒப்பானவை. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றுபவர், உட்கார்ந்து சற்று நேரம் கழித்தே நிற்கவேண்டும். நரம்புறைச் சிதைவு நோய் உள்ளவருக்கு உடல் சூடேறினால் பலவீனம் கூடும்; பினாங்கின் வெயிலில் அவருடைய பயிற்சி நேரம் காலை, மின்விசிறியின் கீழ்.

உதவிக்கு எங்கே போவது? ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ 1996இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கமான நாசாமுக்குப் பினாங்கிலும் ஒரு நிலையம் உண்டு. அங்கே நோயாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்கிறார்கள். சந்தாதாரத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. அதன் மறுவாழ்வு மையம் ஒன்று மலாக்காவில் உள்ளது. சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா?

தமிழகத்தில் இந்தத் துறைக்கு வித்திட்ட ஒருவரை இங்கே நினைக்கவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவரது கால்கள் திரும்பவில்லை. பணி திரும்பியது. சிகிச்சையின் இலக்கு எல்லாருக்கும் நடை ஆகாது. சிலருக்கு அது சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாறும் வலு. அந்த இலக்கும் முழு மதிப்புள்ள இலக்கு.

கடைசியாக, படி. தைப்பூச விழாவில் ரதத்தின் பின்னே நடந்து தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளையும் ஏறிய கால், நோய்க்குப் பின் ஒரு படியின் முன் நின்று தயங்குகிறது. அதற்கும் முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். அதுவே உடலைத் தூக்கும். இறங்கும்போது பலவீனமான கால் முதலில். மேல் படியில் நிற்கும் நல்ல கால் உடலைத் தாங்கி மெல்ல இறக்கும். கைப்பிடியை விடக்கூடாது. துணையிருப்பவர் ஏறும்போது நோயாளிக்கு ஒரு படி கீழே, பின்னால் நிற்கவேண்டும். இறங்கும்போதும் ஒரு படி கீழே, முன்னால் நிற்கவேண்டும்.

வீட்டு வாசலில் உள்ள ஒரு படியில் இதைத் தொடங்கலாம். அந்த ஒரு படியில் காலையில் 10 முறை, மாலையில் 10 முறை ஏறி இறங்கினால், 26 நாளில் 520 படி ஏறியாகிவிடும்.